தராசை மாற்றினால் என்ஜினுக்குப் பலம் கூடுமா?

காரின் பவரைக் கூட்ட ஆசைப்படுகிறவர்கள் சீக்கிரமே வந்து நிற்கும் இடம், என்ஜினுக்குள் போகும் காற்றை எடை போடும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். ஏர் ஃபில்டருக்கும், காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்கும் நடுவே குழாயில் உட்கார்ந்திருக்கும். உள்ளே இருக்கும் வலையை எடுத்துவிடு, பெரிய குழாயாக மாற்று என்று யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. கை வைப்பதற்கு முன் அது என்ன வேலை பார்க்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பழைய வகை சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், தலைமுடி பருமனில் ஒரு பிளாட்டினம் கம்பி மின்னும். மின்சாரம் பாய்ச்சி அந்தக் கம்பியை, உள்ளே வரும் காற்றைவிடச் சுமார் 100 டிகிரி கூடுதல் சூட்டில் வைத்திருப்பார்கள். காற்று பட்டால் கம்பி ஆறும், டீயை ஊதி ஆற்றுவது போல. ஆறவிடாமல் பிடித்து நிறுத்த எவ்வளவு மின்சாரம் பிடித்தது என்பதை வைத்து, எத்தனை கிராம் காற்று போனது என்று என்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு கணக்குப் போடும். அடர்த்தியான காற்று அதிகமாக ஆற்றும். அதனால் இங்கே கிடைப்பது காற்றின் கன அளவு இல்லை, எடை.

எடைதான் முக்கியம். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 5 லிட்டர் என்ஜின் 5000 ஆர்.பி.எம்.மில் முழுதாக நிரம்பி ஓடினால் நிமிடத்துக்கு 12,500 லிட்டர், அதாவது ஏறக்குறைய 15 கிலோ காற்றை இழுக்கும். அதற்கேற்ற பெட்ரோலை அளந்து தெளிக்க இந்தத் தராசு பொய் சொல்லாமல் இருக்க வேண்டும். தராசை மாற்றினால் மூட்டையில் அரிசி கூடிவிடாது.

குழாய் குறுகலாக இருந்தால் காற்று தடைப்படாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1989 ஃபோர்டு மஸ்டாங் 5.0-வில் இருந்தது 55 மி.மீ. குழாயுள்ள மீட்டர், அதாவது இந்தச் சென்சாரும் அதன் குழாயும். 70 மி.மீ. போட்டால் வழி 62 சதவீதம் அகலமாகும். ஆனால் அதே சென்சாரை அப்படியே பெரிய குழாயில் பொருத்தினால், கம்பியைத் தாண்டும் காற்றின் வேகம் குறைந்து, 100 கிராமுக்கு 62 கிராம் என்றுதான் ஈசியுவுக்குச் சேதி போகும். சாதாரண ஓட்டத்தில், புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சார் தவறைக் கண்டுபிடித்து ஓரளவு சரிக்கட்டும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது அந்தக் காரில் இந்தத் திருத்தம் நின்றுவிடும். பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, என்ஜின் அடி வாங்குவது அப்போதுதான்.

அதே மஸ்டாங்கில் இன்னொரு வேலையும் செய்தார்கள். மணிக்கு 19 பவுண்டு பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களை எடுத்துவிட்டு 24 பவுண்டு போட்டார்கள். ஈசியுவைத் தொடாமல் ஒப்பேற்ற, 100-ஐ 79 என்று குறைத்துச் சொல்லும் மீட்டர் விற்பனைக்கு வந்தது. பெட்ரோல் கணக்கு சரியாகிவிட்டது! ஆனால் ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்பதையும் ஈசியு அதே எண்ணைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறது. பாரம் லேசு என்று நம்பி ஸ்பார்க்கை முன்கூட்டியே அடித்துவிடும். அப்புறம் நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது; அது முற்றினால் பிஸ்டன் உடையும். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

வலையை எடுப்பதும் இந்த ரகம்தான். சுழன்று வரும் காற்றை நேராக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். எடுத்துவிட்டால் அளவு தத்தளிக்கும், ஐடிலிங் தடுமாறும்.

காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ போட்டு, பழைய மீட்டர் அதன் உச்ச அளவில் முட்டி நிற்கிறது என்றால் பெரிய மீட்டர் அவசியம். அதோடு, சென்சார் அனுப்பும் எத்தனை வோல்ட்டுக்கு எத்தனை கிராம் காற்று என்ற அட்டவணையையும் ஈசியுவில் மாற்றி எழுத வேண்டும்.

டர்போ இல்லாத, கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் காருக்கு ஒரே யோசனைதான் சொல்வேன்: சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் தடவிய ஃபில்டர் போட்டிருந்தால் கம்பியில் படலம் படிந்து சரியாக ஆறாது, அளவு தப்பும். இதற்கென்றே உள்ள சென்சார் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்து, தானாகக் காயவிட்டு மாட்டுங்கள். விரலோ பஞ்சோ கம்பியில் பட வேண்டாம், அறுந்துவிடும்.