வரி கட்டினால் அங்கீகாரம் ஆகிவிடாது

நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு கையில் எஃப்.டி. ரசீது, இன்னொரு கையில் செல்போன். "ஆடிட்டர் சார், இதை இப்பவே உடைச்சா வட்டி எவ்வளவு குறையும்?" என்றார். எதற்கு அவசரம் என்று கேட்டேன். போனை என் பக்கம் திருப்பினார்.

டெலிகிராமில் வந்த லிங்க் வழியாக இறக்கிய, பிட்காயின் மாதிரி டிஜிட்டல் நாணயங்களில் பணம் போடும் ஒரு கிரிப்டோ ஆப். தவணை தவணையாக அவர் போட்டது 6 லட்சம். திரையில் இருப்பு 21 லட்சம். எடுக்கப் போனால், 'லாபம் 15 லட்சத்துக்கு இந்திய அரசின் 30 சதவீத வரி 4.5 லட்சம். கட்டியதும் முழுத்தொகையும் விடுவிக்கப்படும்' என்று செய்தி. கீழே ஒரு வங்கிக் கணக்கு எண், யாரோ ஒரு தனிநபர் பெயரில்.

"கவர்மென்ட்டே முப்பது பர்சென்ட் வரி போட்டிருக்கே சார். அப்ப இது சட்டப்படியானதுதானே?"

இந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி இருப்பது உண்மை. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதே ஆண்டு ஜூலை முதல் விற்கும்போது விற்ற தொகையில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வரியாகப் பிடிக்கிறார்கள். இந்தச் சட்டம் எவ்வளவு கறார் என்றால், ஒரு காயினில் 2 லட்சம் லாபம், இன்னொன்றில் இரண்டரை லட்சம் நஷ்டம் என்றாலும் இரண்டையும் கழித்துக்கொள்ள முடியாது. கையில் அரை லட்சம் போயிருக்கும். செஸ் சேர்த்து 62,400 ரூபாய் வரியும் கட்ட வேண்டும். இந்தக் கணக்கைச் சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

வரிக்கு இத்தனை கறாரான சட்டம், போட்ட பணத்துக்குக் காவலாக எதையும் வைக்கவில்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்க செபி என்ற அமைப்பு இருக்கிறது. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. கிரிப்டோவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று 2018இல் ரிசர்வ் வங்கி போட்ட தடையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு முதலீட்டாளருக்கென ஒரு சட்டம் வரவில்லை. 2023இல், கிரிப்டோவை வாங்கி விற்கும் சந்தைகளான எக்ஸ்சேஞ்சுகளைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அது கறுப்புப் பணத்தைப் பிடிக்க. நம் பணத்தைக் காக்க அல்ல.

மையமே இல்லாத நாணயத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். 2009 முதல் பிட்காயின் தலைமை அலுவலகம் இல்லாமல்தான் ஓடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடலூர்க்காரர் அதற்குள் நேராக நுழைவதில்லை. வங்கிக் கணக்கு, ஒரு ஆப், ஒரு எக்ஸ்சேஞ்ச் என்று வாசல்கள் வழியாகத்தான் போகிறார். அந்த வாசல்களுக்கு முகவரி உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் ஒருவர் முறைப்படி சீட்டு நடத்த வேண்டுமானால் 1982 சட்டப்படி பதிவாளரிடம் அனுமதி வாங்கி, சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணையமும் வைக்க வேண்டும். கோடிக்கணக்கில் காயின் வைத்திருக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு அதில் பாதியாவது வேண்டாமா? வாடிக்கையாளர் காயினைக் கம்பெனிக் கணக்கோடு கலக்காமல் தனியே வைக்கச் சொல்லட்டும். திருட்டுப் போனால் யார் பொறுப்பு என்று எழுதி வைக்கட்டும். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் சொத்துதான் என்று சொல்லிவிட்டது. சொத்து என்றால் அதற்குப் பாதுகாப்பும் வேண்டும்.

அதுவரை ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கிரிப்டோ வரியை ஆப்புக்கு அனுப்பச் சொன்னால் அது மோசடி. நேர்மையான எக்ஸ்சேஞ்ச் வருமான வரியாகப் பிடிப்பது அந்த 1 சதவீதம்தான்; அதுவும் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரிப் படிவத்தில் தெரியும். மீதியை உங்கள் பான் எண்ணில், வருமான வரித்துறை இணையதளத்தில் சலான் போட்டு நீங்களே கட்டுவீர்கள்.

எஃப்.டி. ரசீதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, என் மேஜையிலிருந்தே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்தோம். கடைசியாகப் பணம் அனுப்பியது எப்போது என்று கேட்டார்கள். பதினோரு நாள் ஆகியிருந்தது.