1 கோடி வரி மீன்வரத்துக் கணக்கு: பாண்டாஸ், போலார்ஸ், டாஸ்க் எப்படிக் கையாள்கின்றன?

இராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று இராமநாதபுரம் கடற்கரை நெடுகிலும் இறங்கும் மீனை நாள், இறங்குதளம், படகு வகை, மீன் இனம், எடை, கிலோ விலை என ஆறு நெடுவரிசைகளில் பதிந்த ஓர் அட்டவணை நம்மிடம் இருப்பதாகவும், அதில் 1 கோடி வரிகள் இருப்பதாகவும் கொள்வோம். விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்தபின், ஒவ்வொரு தளத்திலும் காரல், கணவாய், இறால் எவ்வளவு வந்தன, என்ன விலைக்குப் போயின என்பது கேள்வி. இதற்குப் பைத்தான் மொழியில் கிடைக்கும் பாண்டாஸ், போலார்ஸ், டாஸ்க் ஆகிய திறமூல நிரலகங்களை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) ஒப்பிடுவோர், கணினியில் எத்தனை கோர்கள் (தனித்தனியே கணக்கிடும் செயலிப் பகுதிகள்) உள்ளன என்பதையே முதலில் பார்க்கிறார்கள். அதற்கு முன்பே பார்க்க வேண்டியது, தரவு நினைவகத்தில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதாகும்.

எடை நெடுவரிசையில் சிக்கல் இல்லை. ஓர் எண்ணுக்கு 8 பைட் வீதம் 1 கோடி எண்களும் 80 மெகாபைட்டில் இடைவெளியின்றி அமர்ந்துவிடும். எழுத்துகளில்தான் வேறுபாடு தொடங்குகிறது. 2008-இல் வெஸ் மெக்கின்னி எழுதத் தொடங்கிய பாண்டாஸ், எழுத்துச் சரங்களை (பெயர்கள் போன்ற எழுத்துத் தொடர்களை) நீண்ட காலமாகத் தனித்தனிப் பைத்தான் பொருள்களாக வைத்து, நெடுவரிசையில் அவற்றின் முகவரிகளை மட்டுமே எழுதிவந்தது. ஆகவே ஒவ்வொரு பெயரையும் படிக்க நினைவகத்தின் வேறு வேறு மூலைகளுக்குப் போய்வர வேண்டியிருந்தது. 2016-இல் தொடங்கிய அப்பாச்சி ஆரோ திட்டம் வகுத்த அமைப்பில், எல்லாச் சரங்களும் ஒரே தொடராக எழுதப்பட்டு, ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்பது தனியே குறிக்கப்படுகிறது. ரிச்சி விங்க் 2020-இல் ரஸ்ட் மொழியில் தொடங்கிய போலார்ஸ், இந்த நெடுவரிசை அமைப்பின் அடிப்படையிலேயே எழுந்தது.

எழுத்துகளைப் பைட்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆகும் என்பதால், துணைக்காலையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணினால் 7 குறியீடுகள் கொண்ட 'பாம்பன்' என்னும் பெயர் மட்டும் 21 பைட் பிடிக்கும். இறங்குதளங்களோ சிலவே. பெயர்களை ஒருமுறை மட்டும் எழுதி, ஒவ்வொரு வரியிலும் அதற்குரிய சிறு எண்ணை வைக்கும் வசதி இரண்டு நிரலகங்களிலும் உண்டு. வகைகள் குறைவாக இருந்தால் பாண்டாஸ் அந்த எண்ணை 1 பைட்டில் முடித்துவிடுகிறது. இந்த வசதியைப் பயன்படுத்தாமலேயே, 'பாண்டாஸ் நினைவகத்தை விழுங்குகிறது' என்று நாம் குறைசொல்வது நியாயமாகாது.

அடுத்தது ஒருங்கே நடக்கும் வேலை. வழக்கமான பைத்தானில் ஜிஐஎல் என்னும் பூட்டு உண்டு. ஏலக்கூடத்தில் எத்தனை கணக்கர்கள் இருந்தாலும் கணக்கு நோட்டு ஒன்றே என்றால், ஒரு நேரத்தில் ஒருவர்தானே எழுத முடியும்? அதுபோலவே எத்தனை த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒருங்கே ஓடும் வேலை இழைகள்) இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைத்தான் கட்டளையை இயக்கும். காற்று, அலை முன்னறிவிப்புகளைப் பல சர்வர்களிலிருந்து பெறும்போது இது பெரிய தடையில்லை. அங்கே நேரம் காத்திருப்பதில் கழிகிறது, அந்த இடைவெளியைப் பயன்படுத்த 2014-இல் பைத்தான் 3.4-உடன் வந்த அசின்க்ஐஓ என்னும் வசதி போதும். எடைகளைக் கூட்டும் வேலைக்கோ அது உதவாது.

போலார்ஸ் இந்தக் கூட்டலைப் பூட்டுக்கு வெளியே, ரஸ்டின் த்ரெட்களில் செய்கிறது. ஒவ்வொரு த்ரெடும் தன் பங்கு வரிகளை மட்டும் படித்து, தளவாரியாகவும் இனவாரியாகவும் எடையின் கூட்டுத்தொகையையும், எடையை விலையால் பெருக்கிய தொகையையும் சேர்த்துக்கொள்ள, அந்தச் சிறு தொகைகள் மட்டும் இறுதியில் இணைக்கப்படுகின்றன. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சராசரி கிலோ விலை வந்துவிடும். இடைநிலை விலையை (விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) கேட்டால் இந்த வழி அடைபடும். பகுதிகளின் இடைநிலைகளைச் சேர்த்து முழுமையின் இடைநிலையைப் பெற முடியாதாகையால், ஒரு தளத்தின் ஓர் இனத்துக்குரிய விலைகள் எல்லாம் ஓரிடத்துக்கு வந்தாக வேண்டும். மேலும், எழுதியவுடன் இயக்காமல் விடை கேட்கும்போது மட்டும் இயக்கும் சோம்பல் முறையில் எழுதிய வினாவைப் போலார்ஸ் முன்கூட்டியே ஆராய்ந்து, இந்தக் கேள்விக்குத் தேவைப்படாத படகு வகை நெடுவரிசையை, தரவை நெடுவரிசைவாரியாகச் சேமிக்கும் பார்க்கே வகைக் கோப்பிலிருந்து படிக்காமலே விட்டுவிடுகிறது. ஆனால், நடுவில் நாமே எழுதிய பைத்தான் செயற்கூறு ஒன்றை வரிக்கு வரி இயக்கச் சொன்னால், வேலை மீண்டும் அந்தப் பூட்டுக்குள் வந்து நிற்கும். போலார்ஸுக்கு மாறியும் வேகம் கூடவில்லை என்போர் தம் நிரலில் முதலில் தேட வேண்டிய இடம் இதுவே.

டாஸ்க் வேறு பாதையில் போகிறது. அது அட்டவணையைப் பல சிறு பாண்டாஸ் துண்டுகளாக்கி, தனித்தனிப் பிராசஸ்களுக்கோ (தத்தம் நினைவகத்துடன் தனியே ஓடும் இயக்கங்களுக்கோ) பல கணினிகளுக்கோ பகிர்ந்தளிக்கிறது. பிராசஸ்களிடையே பூட்டுச் சிக்கல் இல்லை, ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தரவைப் பொதிந்து அனுப்பிப் பிரிக்கும் செலவு உண்டு; இடைநிலை போன்ற கணக்குகளில் அந்தச் செலவு பெருகும். நம் 1 கோடி வரிகள் ஒரு சாதாரண மடிக்கணினிக்குள் அடங்கிவிடும் என்பதால் இங்கே டாஸ்க் வேண்டியதில்லை. ஒரு தளத்தின் ஒரு மாதக் கணக்கு மட்டுமென்றால், த்ரெட்களைப் பற்றிய கவலையே இன்றிப் பாண்டாஸே போதும்.