மூன்று நிமிடத்தில் நூறு சுற்று

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்துப் பழைய வீடுகளில், வளைகுடா நாடுகளில் வேலை பார்த்த உறவினர் கொண்டுவந்த, இசைத்தட்டை ஓட்டும் டர்ன்டேபிள்கள் அட்டைப்பெட்டியோடு பரணில் இருப்பதுண்டு. சென்னை மூர் மார்க்கெட்டில் தேடிப் பிடித்து, காட்பாடி வரை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவருவோரும் உண்டு. இரண்டு வழியிலும் வாங்குபவர் முதலில் பார்ப்பது மரப்பெட்டியின் பளபளப்பையும் கம்பெனிப் பெயரையும்தான். ஆனால் அந்தக் கருவிக்கு உள்ள வேலைகள் இரண்டே: இசைத்தட்டை மாறாத வேகத்தில் சுழற்ற வேண்டும், இசைத்தட்டின் பள்ளத்தில் உள்ள அசைவைத் தவிர வேறெந்த அசைவும் முள்ளை எட்டாமல் காக்க வேண்டும். இவற்றுள் முதல் வேலையைச் சோதிக்காமல் பணம் கொடுத்துவிடக் கூடாது என்பதே இங்கு நான் வற்புறுத்த விரும்புவது.

1948இல் அறிமுகமான எல்.பி. இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம்தான். 22 நிமிடம் ஓடும் பக்கத்தில் அதை நீட்டிப் பார்த்தால் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் வரும். அதன் அகலமோ சுமார் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஸ்டீரியோ தட்டில் பள்ளத்தின் இரு சுவர்களும் தட்டின் பரப்புக்கு 45 பாகை சாய்ந்திருக்கும். வெளிச்சுவரில் வலது பக்க ஒலியும் உட்சுவரில் இடது பக்க ஒலியும் நெளிவுகளாக வெட்டப்பட்டிருக்கும். தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் முள்ளைக் கடந்து விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. கடைசிப் பாட்டுக்கு வரும்போது இது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. ஆகவே 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு நெளிவு வெளியே 50 மைக்ரான் நீளத்திலும் உள்ளே 21 மைக்ரான் நீளத்திலும் அடங்க வேண்டியுள்ளது. பல தட்டுகளில் கடைசிப் பாட்டு மட்டும் கரகரப்பாக ஒலிப்பதற்கு இந்த நெருக்கடியே காரணம்.

நெளிவுகளைக் கடக்கும் வேகம் மாறினால் சுருதி மாறும். வேகப் பிழையைக் கண்டுபிடிக்கத் தம்புரா ஒலிக்கும் ஒரு கச்சேரி இசைத்தட்டைப் போல உதவுவது வேறெதுவுமில்லை. நாகஸ்வரத்தின் நீண்ட கார்வையும் அப்படியே. தட்டின் நடுத்துளை 1 மில்லிமீட்டர் விலகியிருந்தாலும், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் வேகம் ஒரு சதவீதம் ஏறி இறங்கும், 1.8 விநாடிக்கு ஒருமுறை சுருதி அலைவது காதில் விழும். வேறொரு இசைத்தட்டை மாற்றிப் போட்டும் அலைவு நீங்கவில்லை என்றால் குறை கருவியில் இருக்கிறது.

இனி, நம் ஊரில் பலர் அறியாமலே விட்டுவிடும் விஷயத்துக்கு வருவோம். 1950, 60, 70களின் பெல்ட் டிரைவ் (ரப்பர் பெல்ட்டால் தட்டைச் சுழற்றுவது), ஐட்லர் (ரப்பர் சக்கரத்தால் சுழற்றுவது) வகைக் கருவிகள் பலவற்றில் இருப்பது ஏ.சி. சின்க்ரனஸ் மோட்டார். அதன் வேகத்தை நிர்ணயிப்பது வோல்டேஜ் இல்லை, மின்சாரத்தின் அதிர்வெண். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். குவைத்திலும் துபாயிலும் அதே 50 ஹெர்ட்ஸ்தான். சவுதி அரேபியாவிலும் அமெரிக்காவிலும் 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் கிழக்குப் பகுதிக்கு 50, மேற்குப் பகுதிக்கு 60. சவுதிக்கென்று செய்யப்பட்ட சின்க்ரனஸ் மோட்டார் கருவியை வேலூரில் ஓட்டினால் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 27.8 சுற்றுதான் சுற்றும். சுருதி மூன்று ஸ்வரஸ்தானத்துக்கும் சற்றுக் கூடுதலாக இறங்கும். 5 கட்டையில் பாடியவரின் குரல் 3 கட்டைக்கும் கீழே போய்விடும். கன்வெர்டர் என்று கடையில் விற்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டுமே மாற்றும், அதிர்வெண்ணைத் தொடாது. எனவே கருவியின் அடியில் ஒட்டியுள்ள தகட்டில் வோல்டேஜோடு ஹெர்ட்ஸ் எண்ணையும் படித்துப் பாருங்கள்.

பெல்ட் வகைக் கருவிக்கு மாற்று வழி உண்டு. மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது அதன் அச்சில் பெல்ட்டை ஓட்டும் சிறு சக்கரமான புல்லியின் விட்டத்தைக் கூட்டினால் தட்டு சரியான வேகத்துக்கு வரும். சில கம்பெனிகள் இரண்டு அதிர்வெண்ணுக்கும் தனித்தனிப் புல்லி தந்தன. அது கிடைக்காவிட்டால், ராணிப்பேட்டையில் பெல் தொழிற்சாலையையும் சிப்காட்டையும் சுற்றியுள்ள லேத் பட்டறைகளில் பித்தளையில் கடைந்து வாங்கலாம். ஆனால் பழைய விட்டத்தை வெறுமனே 1.2ஆல் பெருக்கக் கூடாது. பெல்ட்டின் கனத்தையும் விட்டத்தோடு சேர்த்துப் பெருக்கி, பிறகு அந்தக் கனத்தைக் கழிக்க வேண்டும். புல்லி 10 மில்லிமீட்டர், பெல்ட் 1 மில்லிமீட்டர் என்றால் விடை 12 ஆகாது, 12.2. இந்த 0.2 மில்லிமீட்டரை விட்டுவிட்டால் வேகம் ஒன்றரை சதவீதம் தவறிவிடும். பழகிய காது அதைப் பொறுக்காது. கடைசலில் மையம் விலகாமல் இருப்பதும் அளவைப் போலவே முக்கியம்.

டி.சி. மோட்டார் உள்ளவற்றுக்கும், 1970 வாக்கில் டெக்னிக்ஸ் கம்பெனி கொண்டுவந்த, மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் வகைக்கும் இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் வேகத்தை உள்ளிருக்கும் மின்சுற்றே கட்டுப்படுத்துகிறது. வோல்டேஜ் பொருந்தினால் போதும்.

எந்த வகையானாலும் வேகத்தைச் சோதிக்கக் கருவி ஏதும் வேண்டாம். இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் அடித்தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, முள்ளை இசைத்தட்டில் இறக்கிய நிலையில், கைப்பேசிக் கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள். சரியான வேகத்தில் மூன்று நிமிடத்துக்குத் துல்லியமாக 100 சுற்று வரும். 99 வந்தால் ஒரு சதவீதம் குறைவு. விளிம்பில் புள்ளி வரிசைகள் உள்ள அடித்தட்டாக இருந்தால் இன்னும் எளிது. பழைய இரும்புச் சோக் போட்ட டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மினுக்குகிறது. அந்த ஒளியில், 180 புள்ளிகள் கொண்ட வரிசை 33⅓ வேகத்தில் நகராமல் நிற்பதுபோலத் தெரியும். மெல்ல முன்னே ஓடினால் வேகம் அதிகம், பின்னே போனால் குறைவு. மினுக்காத எல்.இ.டி. விளக்கில் எந்த வரிசையும் நிற்காது. அதனால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

ரப்பர் முதுமையடையும். பெல்ட் நீண்டு தளர்ந்திருந்தால் புதிது போடலாம், செலவு அதிகமில்லை. ஐட்லர் சக்கரத்தை விரலால் தடவிப் பாருங்கள்: பல வருடம் ஒரே இடத்தில் அழுந்தி நின்றிருந்தால் சிறு பள்ளம் தட்டுப்படும், ஓட்டும்போது ஒரே சீராக டொக் டொக் என்ற சத்தம் வரும். பேரிங்கில் எண்ணெய் கோந்துபோல இறுகியிருப்பது வழக்கம். துடைத்துப் புது எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடித்தட்டைப் பிடித்து ஆட்டும்போது அச்சிலேயே தொளதொளப்பு தெரிந்தால் அந்தக் கருவியை வாங்காமல் திரும்புவதே நல்லது.

முள்ளைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: பழைய முள்ளை நம்பி ஒரு நல்ல இசைத்தட்டைக்கூட ஓட்டக் கூடாது. முள்ளின் நுனியில் உள்ள வைரம் தேய்ந்திருந்தால் உளிபோலப் பள்ளத்தின் சுவரைச் செதுக்கும். போன ஒலி திரும்பாது. அந்தக் காலப் பெட்டி பிளேயர்களின் பீங்கான் வகைக் கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றும் பாகம்) பள்ளத்தின் மேல் 5 கிராம் அளவுக்கு அழுத்தும். காந்த வகைக் கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராமுக்குள் போதும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகளின் பள்ளம் அகலமானது. அதற்கு வேறு முள் வேண்டும்.

காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. மேலும், தட்டை வெட்டும்போது கீழ்ஸ்தாயியைக் குறைத்தும் மேல்ஸ்தாயியைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். இல்லையெனில் கீழ்ஸ்தாயியின் பெரிய நெளிவு அடுத்த சுற்றின் பள்ளத்தில் போய் முட்டும். 1954 முதல் இதற்குப் பொது அளவு உண்டு. ஆம்ப்ளிஃபையரில் ஃபோனோ என்று குறித்த இடம்தான் இதைத் தலைகீழாக்கிச் சரிசெய்கிறது. அது இல்லாத ஆம்ப்ளிஃபையருக்குத் தனி ஃபோனோ பிரீ-ஆம்ப் வாங்க வேண்டும். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரையும் ஆம்ப்ளிஃபையரின் பின்புறத் திருகில் மறக்காமல் பொருத்துங்கள். அது தொங்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு நல்ல கருவியிலும் ஸ்பீக்கரில் ஊம் என்ற இரைச்சல் கேட்கும்.