எக்ஸாஸ்டுக்கு முன்னால் பேரிங்: ஸ்னோமொபைல் வைத்திருப்பவர்களுக்கு

போன டிசம்பரில் தம்பி ஒருவர் டிரெய்லரில் வண்டியை ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய, பத்து வயது தாண்டிய ஸ்னோமொபைல், பனியில் ஓட்டுகிற வண்டி. புது எக்ஸாஸ்டும் கிளட்ச் கிட்டும் மாட்ட வேண்டும் என்றார். கனடாவில் ஒன்டாரியோவின் வடக்கே இந்த வண்டிகளோடு பல குளிர்காலங்களைக் கழித்தவன் நான். எந்த வேலைக்கு வந்தாலும் முதலில் ஒன்றைச் செய்துவிடுவேன். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ட்ரைவ் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அடியில் ஓடும் ரப்பர் பட்டையான டிராக்கைக் கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பார்ப்பேன். அன்றைக்கு இடப்பக்கம் கீழே, மணலை மிதிக்கிற மாதிரி கரகரவென்று சத்தம் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், பேரிங் இருக்கும் இடத்திலிருந்து டிராக்குக்கு மேல் கூரை மாதிரி இருக்கும் டனல் தகட்டில் டீக்கறை போல ஒரு பழுப்புக் கோடு வழிந்து காய்ந்திருந்தது.

“இஞ்சின் சத்தம் நல்லாத்தானே இருக்கு, அண்ணே?”

“இஞ்சினுக்கு ஒண்ணும் இல்லை தம்பி. அந்த பவர் டிராக்குக்குப் போற வழிதான் கெட்டுக் கிடக்கு.”

பேரிங்கைக் கழற்றியதும் அவரிடமே கொடுத்தேன். சீல் காய்ந்து பிளந்திருந்தது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருச்சேறு. குண்டுகளை இடம் மாறாமல் பிடிக்கும் கேஜ் உடைந்து, ஒன்பது குண்டுகளும் ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தன. உள்வளையம் இறுகிப்போய், ஷாஃப்ட்டின் மேலேயே வழுக்கிச் சுற்றியிருக்கிறது. ஷாஃப்ட்டில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பளபளவென்று ஒரு பள்ளம். 30 டாலருக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஷாஃப்ட்டையும் சேர்த்து மாற்றுவதில் வந்து நின்றது.

அந்த வழியை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இஞ்சினிலிருந்து முதல் கிளட்ச், அங்கிருந்து பெல்ட் வழியாக இரண்டாவது கிளட்ச். அது மாட்டியிருப்பது ஜாக் ஷாஃப்ட் என்கிற மேல் ஷாஃப்ட்டில். பெரும்பாலான வண்டிகளில் அந்த ஷாஃப்ட்டின் மறுமுனை வலப்பக்கத்துச் செயின்கேஸுக்குள் போகிறது. அங்கே மேலே சின்ன ஸ்பிராக்கெட் (பல்சக்கரம்), கீழே பெரியது, நடுவில் ஆயிலில் ஓடும் செயின். கீழ் ஸ்பிராக்கெட் திருப்புகிற ட்ரைவ் ஷாஃப்ட்தான் டிராக்கை இழுக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது அந்தக் கீழ் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்றுச் சுற்றுகிறது. மேல் ஷாஃப்ட்டுக்கு அதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இடப்பக்கக் கீழ் பேரிங் ஏன் முதலில் போகிறது? வலப்பக்கத்தில் இருப்பதற்குச் செயின்கேஸ் ஆயிலாவது பக்கத்துணை. இடப்பக்கத்தில் இருப்பதற்கு அதன் சொந்த சீலும் உள்ளே இருக்கும் கொஞ்சம் கிரீஸும்தான். டனலுக்குள் அடைகிற பனி உருகி அதன் மேலேயே வடிகிறது. திறந்த டிரெய்லரில் நெடுஞ்சாலையில் இழுத்து வருகிறோமே, அந்த உப்புத்தண்ணீர் முழுவதும் அங்கே தெறிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பிரஷர் வாஷரால் நேராக அங்கேயே அடித்தால், வெளியே இருந்த உப்பையும் சீலுக்கு உள்ளே தள்ளிவிடுகிறோம். அப்புறம் ஏப்ரல் முதல் நவம்பர் வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஈரம் பட்ட குண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து துருப்பிடிக்கின்றன. சீசன் நடுவில் உடைகிற பேரிங்குகளில் பாதிக்கு மேல் கோடையிலேயே கெட்டுப்போனவை என்பது என் அனுபவம்.

இதைச் சும்மா செலவுக் கணக்காக மட்டும் பார்க்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். பல மாடல்களில் பிரேக் டிஸ்க் இருப்பது மேல் ஷாஃப்ட்டில். செயின் அறுந்தால் பிரேக் பிடிப்பது மேல் ஷாஃப்ட்டை மட்டும்தான், டிராக் தன் பாட்டுக்கு உருண்டுகொண்டிருக்கும். இறக்கத்திலோ உறைந்த ஏரியின் மேலோ அந்த நிலைமையை நினைத்துப் பாருங்கள். கீழ் பேரிங் உடைந்தாலும் கதை அதே பக்கம்தான் போகும். ஷாஃப்ட் சாய்ந்து, ஸ்பிராக்கெட் கோணலாகி, செயின் கேஸையே உரசும். டிராக் மேலே ஏறி, இஞ்சின் கூலன்ட்டைக் குளிர வைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கிழித்தால் கூலன்ட்டும் போய்விடும்.

சரி, மாற்றுவது என்று முடிவு செய்தால் எதைப் போடலாம்? செராமிக் பேரிங் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். குண்டுகள் செராமிக், அவை துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் சந்தையில் அதிகம் கிடைப்பவற்றில் வளையங்கள் எஃகுதான், அவை துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் பேரிங் துருவைத் தாங்கும், ஆனால் அதே அளவில் சுமை தாங்கும் திறன் கொஞ்சம் குறைவு. டிரெயிலில், அதாவது போட்டுவைத்த பனிப்பாதையில், ஓட்டுபவருக்கு நான் போடுவது நல்ல கம்பெனியின் சாதாரண எஃகுப் பேரிங். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள, 2ஆர்எஸ் என்று குறித்திருப்பது. தகடு மூடிய இசட்இசட் வகை தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. பேரிங் மேல் இருக்கும் எண்ணை முழுவதும் பார்த்து வாங்குங்கள். 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிமன் 15 மில்லிமீட்டர். பின்னால் சி3 என்று இருந்தால் உள் இடைவெளி கொஞ்சம் கூடுதல், பழையதில் அது இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு வருவதில் போலி நிறைய.

உண்மையிலேயே பலன் தருகிற மேம்பாடு என்று கேட்டால், கிரீஸ் அடிக்க வசதியுள்ள பேரிங் ஹவுசிங்கைத்தான் (பேரிங் உட்காரும் கூடு) முதலில் சொல்வேன். சீசனில் இரண்டு மூன்று தடவை தண்ணீர் தாங்கும் கிரீஸை உள்ளே தள்ளினால் பழைய ஈரமும் அழுக்கும் வெளியே வந்துவிடும். செயின்கேஸில் ஆயிலை வடிக்கும் துளைக்குக் காந்தம் வைத்த ட்ரெயின் போல்ட் போடுங்கள். அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். ஊசி மாதிரித் துண்டுகள் வந்தால் கவரைத் திறக்க வேண்டிய நேரம். ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலான கேஸ்களில் இருப்பதே அரை லிட்டருக்கும் குறைவான ஆயில்தான். வருடத்துக்கு ஒரு முறை மாற்ற எவ்வளவு ஆகிவிடும்?

செயினை மாற்றினால் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். கொக்கி போலத் தேய்ந்த பல்லில் புதுச் செயின் ஓடினால் அதுவும் சீக்கிரம் தேயும். போலாரிஸ் கம்பெனி தன் 2013 மாடல் மலை வண்டிகள் சிலவற்றில் செயினுக்குப் பதில் பெல்ட்டைக் கொண்டுவந்தது. எடை குறைவு, ஆயில் வேலை இல்லை. ஆழ்ந்த பனியில் ஓட்டுபவருக்கு நல்லது. நம் டிரெயில் வண்டிக்கு நல்ல செயினே போதும் என்பது என் கருத்து.

மாட்டுகிற முறையில்தான் புதுப் பேரிங்கையும் கெடுக்கிறார்கள். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் அழுத்துங்கள், கேஸில் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும். மாற்றி அடித்தால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய் வளையத்தில் குழி விழும், அன்றைக்கே அதன் ஆயுள் பாதி போய்விடும். பேரிங்கை முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைத்து, கேஸை ஹீட் கன்னால் மிதமாகச் சூடாக்கினால் பெரும்பாலும் சுத்தியலே தேவைப்படாது. பழைய பேரிங்கில் சீல் எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். செயினை இறுக்கும் டென்ஷனரைக் கையால் சரிசெய்யும்படி உள்ள பல வண்டிகளில், விரலால் இறுகும்வரை திருகி, கால் சுற்றுத் தளர்த்தி, லாக் நட்டைப் பூட்ட வேண்டும். உங்கள் வண்டியின் மேனுவல் வேறு சொன்னால் அதன்படி செய்யுங்கள். டிராக்கை அளவுக்கு மேல் இறுக்கிவிடாதீர்கள், அந்த இழுவை முழுவதும் கீழ் பேரிங்குகள் மேல்தான் விழும்.

தம்பி அந்த வருடம் எக்ஸாஸ்ட் வாங்கவில்லை. இரண்டு ஷாஃப்ட்டுக்கும் பேரிங், செயின், ஸ்பிராக்கெட், கவர் கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போட்டோம். 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தார். காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை மட்டும் இருந்தது. டென்ஷனரைப் பார்த்து, ஆயில் அளவைச் சரிபார்த்து, மூடிக் கொடுத்தேன்.