கண்ணோரத்தில் சிவந்த உருண்டை: நாயின் மூன்றாம் இமை

வீட்டில் வளரும் பீகிள் குட்டியின் உள் கண்ணோரத்தில் ஒரே இரவில் சிவந்த உருண்டை ஒன்று தோன்றியிருக்கிறது என்றும், அது புற்றுக்கட்டியா, வெட்டி எடுத்துவிடலாமா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இளம் நாயிடம் இப்படித் திடீரெனத் தோன்றுவது பெரும்பாலும் கட்டியன்று. இடம் பிறழ்ந்து வெளியே வந்துவிட்ட கண்ணீர்ச் சுரப்பியே அது. கால்நடை மருத்துவர்கள் இதனைச் 'செர்ரி ஐ' என்பார்கள்.

நாய்க்கும் பூனைக்கும் மேலிமை, கீழிமை தவிர, மூக்கையொட்டிய ஓரத்தில் மூன்றாவதாக ஓர் இமையும் உண்டு. நம் கண்ணின் உள்மூலையில் தெரியும் சிறிய இளஞ்சிவப்பு மடிப்பு அதன் எச்சமே. நாயின் மூன்றாம் இமை விழியின்மீது படரும் விதம் வியப்புக்குரியது. அதை இழுத்து மூடுவதற்கென்று அதற்குள் தசை எதுவும் இல்லை. கண்ணுக்கு ஆபத்து என்றதும் விழிக்கோளத்தின் பின்புறத்தில் பற்றியிருக்கும் தசை கோளத்தையே குழிக்குள் உள்ளிழுக்கிறது. அங்கே இடம் குறைவதால் பிதுங்கும் கொழுப்பும் மென்திசுக்களும் மூன்றாம் இமையை முன்னே தள்ள, அது கருவிழியின் குறுக்கே வழுக்கிக்கொண்டு வந்து மூடுகிறது. விழி பின்வாங்குவதே இமையை முன்னேறச் செய்கிறது!

இந்த இமைக்கு விறைப்புத் தருவது ஆங்கில 'டி' எழுத்தின் வடிவிலான குருத்தெலும்பு. அதன் காம்பைச் சூழ்ந்திருக்கும் சுரப்பிதான் கண்ணீரின் நீர்ப்பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலுமோ தருகிறது. சுரப்பியைக் குழியின் அடியோடு பிணைத்திருக்கும் நார்த்திசு நலிந்தால் அது மேலே புரண்டு வெளிப்படும். காற்றுபட்டு வீங்கிய பிறகு தானாக உள்ளே திரும்புவது கடினம். புல்டாக், காக்கர் ஸ்பேனியல், பீகிள் ஆகிய இனங்களின் இளம் நாய்களிடம் இது அதிகம். பூனைகளில் அரிது, வரும்போது பெரும்பாலும் பர்மீஸ் இனத்துக்கே வருகிறது.

ஒரு காலத்தில் இந்தச் சுரப்பியை வெட்டி எறிவதே வழக்கமாக இருந்தது. அப்படி வெட்டப்பட்ட நாய்கள் பலவற்றுக்குப் பின்னாளில் கண் வறண்டு, கருவிழி கருமைபடர்ந்து மங்கியது. கண்ணீர்ச் சுரப்பைத் தூண்டும் சைக்ளோஸ்போரின் களிம்பை வாழ்நாள் முழுவதும் இடவேண்டியதாயிற்று. இப்போது இமையின் உட்புறச் சவ்விலேயே பை போல ஓர் இடம் அமைத்து, சுரப்பியை அதனுள் புதைத்துத் தைக்கிறார்கள். ஆகவே வெட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பதே என் அழுத்தமான வேண்டுகோள்.

மேலிமையோ கீழிமையோ உள்நோக்கிச் சுருண்டு மயிர் கருவிழியை உராய்வது வேறொரு கோளாறு. 'ஷார் பேய்' என்னும் நாயினத்தின் குட்டிகளுக்குத் தற்காலிகத் தையலிட்டு, வளர்ந்த பிறகே நிரந்தர அறுவை செய்வார்கள். பூனையின் இரு கண்களிலும் மூன்றாம் இமை பாதி மூடியபடி நின்றால், கோளாறு கண்ணில் இல்லாமல் குடலிலோ உடல்நலிவிலோ இருக்கக்கூடும்.

முகத் தோற்றத்துக்காகவே இனப்பெருக்கம் செய்யும் வணிகம் இத்துன்பங்களைப் பெருக்குகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. பாதிக்கப்பட்ட நாயைக் குட்டி போட விடாமல் இருப்பது வளர்ப்போரின் கடமை. வாசகரின் குட்டிக்கு ஒரு கண்ணில் மட்டும் உருண்டை தெரிந்தாலும், மற்றொன்றிலும் பின்னர் வரக்கூடும் என்பதால், மருத்துவரிடம் காட்டும்போது இரு கண்களின் கண்ணீர் அளவையும் காகிதப் பட்டையால் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நனைந்தால் கண்ணீர் போதுமான அளவில் சுரக்கிறது.