குற்ற வழக்கில் புகார்தாரருக்காக நிற்கும் வக்கீல் யார்?

கையில் சம்மனுடன் பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்துக்கு வந்து, அமர்வு நீதிமன்ற வராந்தாவில் காத்திருக்கும் புகார்தாரர் பெரும்பாலும் முதலில் கேட்பது, “நம்ம பக்கம் வக்கீல் யாருங்க?” என்பதுதான். குற்றம் என்பது ஒருவருக்கு மட்டுமன்றிச் சமூகத்துக்கே இழைக்கப்பட்டது என்று சட்டம் கருதுவதால், காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த வழக்கை அரசே நடத்துகிறது. அதற்காக நிற்பவர் அரசு குற்றவியல் வழக்கறிஞர், அதாவது நீதிமன்றப் பேச்சில் ‘பி.பி.’. அவருக்குப் புகார்தாரர் கட்டணம் எதுவும் தர வேண்டியதில்லை.

செய்திகளில் அடிக்கடி அடிபடும் அட்டர்னி ஜெனரல்தான் குற்ற வழக்குகளை நடத்துகிறார் என்று நினைப்பவர்கள் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 76ஆவது பிரிவின்படி நியமிக்கப்படும் அவர் ஒன்றிய அரசின் சட்ட ஆலோசகர். 165ஆவது பிரிவின்படி மாநிலத்துக்கு அட்வகேட் ஜெனரல் இருக்கிறார். அன்றாடத் திருட்டு, அடிதடி வழக்குகள் இவர்கள் மேசைக்குப் போவதில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 18ஆவது பிரிவு, உயர் நீதிமன்றத்துக்கும் மாவட்டங்களுக்கும் பி.பி. நியமிப்பதைச் சொல்கிறது, குறைந்தது 7 ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். எழும்பூர், சைதாப்பேட்டை போன்ற இடங்களிலுள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் 19ஆவது பிரிவின்படி உதவி அரசு வழக்கறிஞர்கள், அதாவது ‘ஏ.பி.பி.’க்கள் நிற்கிறார்கள்.

சொந்த வக்கீல் வைக்கவே கூடாதா என்றால், வைக்கலாம். ஆனால் அவர் பி.பி.யின் வழிகாட்டுதலின்கீழ்தான் செயல்பட முடியும். சாட்சி விசாரணை முடிந்ததும், நீதிமன்ற அனுமதியுடன் எழுத்துப்பூர்வ வாதம் தாக்கல் செய்யலாம். அமர்வு நீதிமன்ற விசாரணையில் பாதிக்கப்பட்டவரின் வக்கீல் தாமாக வாய்மொழி வாதமோ குறுக்கு விசாரணையோ செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் கூறியது. ஆகவே, நல்ல வக்கீல் கிடைத்துவிட்டார் என்று பி.பி.யைச் சந்திக்காமல் இருப்பது தவறு என்பேன்.

புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாள்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ காவல்துறை தெரிவிக்க வேண்டும். நீதிமன்ற ஒப்புதலுடன் வழக்கைத் திரும்பப் பெற பி.பி.க்கு அதே சன்ஹிதாவின் 360ஆவது பிரிவு அதிகாரம் தந்தாலும், பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்காமல் நீதிமன்றம் அந்த ஒப்புதலைத் தர முடியாது.

சாட்சி சொல்லும் வாய்தாவுக்கு முன்பே பி.பி. அலுவலகத்துக்குப் போய்விடுவது நல்லது. போகும்போது முதல் தகவல் அறிக்கையின் நகலையும், வழக்கு எண்ணையும் (மாஜிஸ்திரேட் நீதிமன்றமானால் சி.சி. எண், அமர்வு நீதிமன்றமானால் எஸ்.சி. எண்) கையில் வைத்திருந்தால், கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும் கோப்புகளிலிருந்து உங்கள் வழக்கை எடுக்க நேரமாகாது.