நெக்ரோஃபேஜிஸ்ட்: பிணந்தின்னி என்றால் போதும்

சில அயல்சொற்களுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டியிருக்கும். இதற்கு அந்தச் சிரமமே இல்லை. நெக்ரோஃபேஜிஸ்ட் என்பது ஜெர்மன் டெத் மெட்டல் குழு ஒன்றின் பெயர். உறுமல் குரலும் அதிவேக டிரம்ஸும் கொண்ட கனத்த ராக் இசை வகைதான் டெத் மெட்டல். அந்தப் பெயருக்குப் பொருள் பிணந்தின்னி. பொருள் அச்சுப்பிசகாமல் பொருந்துகிறது, சொல் கட்டப்பட்ட விதமும் ஒன்றே.

கிரேக்கத்தில் நெக்ரோஸ் என்றால் பிணம், ஃபாகெயின் என்றால் தின்பது. இரண்டும் சேர்ந்து நெக்ரோஃபாகோஸ். இந்த ஃபாகெயின் நமக்குத் தெரிந்த பல சொற்களுக்குள் இருக்கிறது. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் பாக்டீரியோஃபேஜ். கல் சவப்பெட்டிக்குச் சார்கோஃபகஸ் என்று பெயர் வந்ததும் இதனால்தான், நேர்ப்பொருள் 'சதைதின்னி'. அஸ்ஸோஸ் என்ற ஊரில் வெட்டிய ஒருவகைக் கல்லில் சடலத்தை வைத்தால் 40 நாளில் சதை கரைந்துவிடும் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். கல்லின் பெயர் பெட்டிக்கு ஆகிவந்தது.

கடைசியில் வரும் 'இஸ்ட்' கவனிக்க வேண்டிய ஒட்டு. கிட்டாரிஸ்ட், பியானிஸ்ட் என்பதில் வருவது போல, ஒன்றைப் பழகிக் கைவரப்பெற்றவர் என்ற சாயல் அதில் உண்டு. ஏதோ ஒருநாள் தின்றவர் அல்ல, அதையே தொழிலாகக் கொண்டவர். தமிழில் அந்த வேலையை 'தின்னி' செய்கிறது: எறும்புத்தின்னி, பழந்தின்னி வௌவால். அதன் இயல்பே அது என்று பொருள்.

உயிரியல் பாடநூலில் இந்த இடத்தில் 'உண்ணி' வரும்: ஒட்டுண்ணி, சாறுண்ணி, ஊனுண்ணி. அதன்படி 'பிணவுண்ணி' என்று ஆக்கலாம்தான். ஆனால் உண்பதும் தின்பதும் ஒன்றல்ல. ஜெர்மனிலும் இதே வேறுபாடு உண்டு: மனிதர் சாப்பிடுவது எஸ்ஸன், விலங்கு தின்பது ஃப்ரெஸ்ஸன். பிணந்தின்னிக்கு ஜெர்மன் சொல் லைஷன்ஃப்ரெஸ்ஸர். 'பிணவுண்ணி' ஆய்வுக்கூடத்துச் சொல். 'பிணந்தின்னி' வயிற்றைப் புரட்டும் சொல். அடுத்தவர் சாவில் ஆதாயம் தேடுபவரை நாம் இப்படித்தான் திட்டுகிறோம். அந்த இழிவு ஒட்டியிருப்பதால்தான் பிணந்தின்னிக் கழுகு என்பதை விட்டுவிட்டு 'பாறு' என்ற பழைய பெயரால் அழைக்கச் சொல்கிறார்கள் பறவை ஆர்வலர்கள். அந்தப் பறவைக்கு அது நியாயம். ஆனால் இந்த டெத் மெட்டல் குழு தனக்குப் பெயர் தேடியபோது வேண்டியிருந்தது அந்த இழிவும் அருவருப்பும்தான்.

அந்தக் குழு 1992இல் ஜெர்மனியின் தென்மேற்கில், கார்ல்ஸ்ரூ பகுதியில் தொடங்கியது. தொடங்கியவர் துருக்கிய வம்சாவளியைச் சேர்ந்த முகமது சுயிச்மெஸ். பாட்டும் கிட்டாரும் அவரே. முதல் ஆல்பம் 1999இல் வந்தது. தலைப்பின் பொருள் 'அழுகலின் தொடக்கம்'. அதில் டிரம்ஸ் வாசித்தது மனிதர் அல்ல, நிரல் எழுதப்பட்ட டிரம் மெஷின். ஏறக்குறைய முழு ஆல்பத்தையும் ஒருவரே கட்டியெழுப்பினார் என்பது கேட்கும்போது நம்ப முடியாத செய்தி. இரண்டாவது ஆல்பமான எபிடாஃப் 2004இல் வந்தபோது டிரம்ஸில் ஹானஸ் கிராஸ்மன், இரண்டாவது கிட்டாரில் கிறிஸ்டியான் மியூன்ட்ஸ்னர் என்று முழுக் குழு இருந்தது. எபிடாஃப் என்பதும் கிரேக்கம்தான்: எபி 'மேல்', டாஃபோஸ் 'கல்லறை'. கல்லறை வாசகம் என்று சொல்லலாம். மூன்றாவது ஆல்பம் வரவே இல்லை.

பெயரைக் கேட்டு வெறும் இரைச்சலை எதிர்பார்த்து வருகிறவர் இந்த இசையில் திகைத்துப்போவார். குரல் உறுமல்தான், டிரம்ஸ் இயந்திரத் துப்பாக்கி வேகம்தான். ஆனால் கிட்டாரைக் கவனியுங்கள். ஸ்வீப் பிக்கிங் என்ற உத்தியில் வலக்கை மீட்டுவில்லையைத் தந்திக்குத் தந்தி தனித்தனியாகத் தட்டாமல், துடைப்பத்தால் ஒரே இழுப்பில் வாருவது போலத் தந்திகள் மேல் இழுக்கிறது. இடக்கை விரல்கள் ஒவ்வொரு சுரத்தையும் அது ஒலித்த அதே கணத்தில் விட்டுவிட வேண்டும். ஒரு விரல் தாமதித்தாலும் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அந்த வேகத்திலும் சுயிச்மெஸின் சுரங்கள் கோத்த மணி மாதிரி தனித்தனியாக விழுகின்றன. அவர் அடிக்கடி கையாளும் ஹார்மோனிக் மைனர் என்ற மேற்கத்திய சுர வரிசையில் இருப்பவை நம் கீரவாணி ராகத்தின் அதே சுரங்கள். கர்நாடக இசை கேட்ட காதுக்கு எங்கோ தெரிந்த வீடு போல ஒரு நொடி தோன்றும். சுரங்களை அசைக்கும் கமகம் இல்லாததால் அடுத்த நொடியே அந்நியமாகிவிடும். எபிடாஃபில் 'சாம்பலே மிச்சம்' என்று பொருள்படும் பாடலில், ரஷ்ய இசைமேதை புரோகோஃபியெவ் ரோமியோ ஜூலியட் பாலேவுக்கு அமைத்த வீரர் நடன மெட்டு கிட்டாரில் எழுந்து வருகிறது. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் நான் செய்துகொண்டிருக்கும் வேலை நின்றுவிடும்.

இந்த வகை இசைக்கு டெக்னிக்கல் டெத் மெட்டல் என்று பெயர். இதைத் 'தொழில்நுட்ப மரண உலோகம்' என்று பெயர்ப்பது மூன்று சொல்லிலும் பிழை. இங்கே டெக்னிக்கல் என்பது கணினியையோ கருவியின் பொறியியலையோ குறிப்பதில்லை. வாசிப்பவரின் விரல் நுணுக்கத்தைக் குறிக்கிறது. கிரேக்க டெக்னே என்பதன் பழைய பொருளே கைத்திறன்தான். 'நுணுக்க' என்ற ஒரு சொல்லே போதும். உலோகம் என்றால் நமக்கு இரும்பும் செம்பும்தான் நினைவுக்கு வரும், இசை வராது. 'மரண' என்று முன்னால் சேர்த்தாலோ, சென்னையில் சாவு வீட்டில் இறந்தவரை நினைத்துப் பாடும் மரண கானா நினைவுக்கு வரும். அது துக்கத்தில் பங்குகொள்ளும் பாட்டு. டெத் மெட்டலுக்கு அந்தச் சடங்கோ கடமையோ இல்லை. ஆகவே டெத் மெட்டலை அப்படியே வைத்துக்கொண்டு, 'நுணுக்க டெத் மெட்டல்' என்பதே என் பரிந்துரை.

குழுவின் பெயரை எழுதும்போது நெக்ரோஃபேஜிஸ்ட் என்றே எழுத வேண்டும். சிறப்புப்பெயரை மொழிபெயர்ப்பது வழக்கமில்லை. அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று யாராவது கேட்டால், 'இறந்த உடல்களை உண்பவர்' என்று சுற்றி வளைக்காமல், பிணந்தின்னி என்று நேராகச் சொல்லிவிடலாம்.